ரப்பர் செருப்பு போட்டா ஸ்டைல் இல்லையா? வாசகர் கேள்வி – பதில்

ஆண்கள் உடை பத்தின இந்தப் பகுதிக்கு ரப்பர் செருப்பு பத்திக் கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல சொல்லியிருந்தோம். நாங்க எதிர்பாத்ததை விட நிறைய வந்திருக்கு, அதனால இந்தத் தடவை முழுசும் அதுதான்.

எனக்கு 29 வயசு, சாஃப்ட்வேர் வேலை. லீவு நாள்ல எங்க போனாலும் ரப்பர் செருப்புதான். ஹோட்டலுக்கோ மாலுக்கோ கெளம்புனா என் மனைவி "பாத்ரூம் செருப்போட வராதீங்க"ன்னு சண்டை போடுறாங்க. இதுல ஸ்டைலா இருக்க முடியுமா முடியாதா? – வாசகர், சோழிங்கநல்லூர்

முடியும், தாராளமா முடியும். ஆனா உங்க மனைவி சொல்றதுலயும் ஞாயம் இருக்குங்க. அவங்க கோவம் செருப்பு மேல இருக்காது, அந்த ஒரு ஜோடி மேல இருக்கும். குளிக்கப் போறதுக்கும் அதே, குப்பை போடப் போறதுக்கும் அதே, குதிகால் பக்கம் தேஞ்சு ஒருபக்கமா சாஞ்சு போனதும் அதே, கடைசில ஹோட்டலுக்கும் அதேதான்னா யாரா இருந்தாலும் முகம் சுளிக்கத்தான் செய்வாங்க. வெளிய போறதுக்குன்னு தனியா ஒரு ஜோடி வாங்கி வெச்சுக்கோங்க, அது பாத்ரூம் பக்கமே போகக் கூடாது. பாதிப் பிரச்சனை அங்கயே தீந்துரும்.

மீதிப் பாதி, அதோட என்ன உடுத்துறோம்ங்கறதுல இருக்கு. ரப்பர் செருப்புல பாதத்தோட முக்கால்வாசி வெளிய தெரியும், செருப்புன்னு பாத்தா ரெண்டு வாரும் ஒரு அடிப்பாகமும் அவ்ளோதான், அதனால மேல போடுற துணியும் லேசா தளர்வா இருந்தாத்தான் எடுப்பா இருக்கும். லினன் பேன்ட் இல்ல மெல்லிசான காட்டன் பேன்ட், கணுக்கால் தெரியற நீளம், மேல இன் பண்ணாத அரைக்கை சட்டை, இல்லன்னா முட்டி வரைக்கும் ஷார்ட்ஸ் டீ-ஷர்ட். இதோட கறுப்போ அடர் பழுப்போ ஒரே கலர்ல, பெரிய எழுத்து எதுவும் இல்லாத செருப்பு போட்டு கண்ணாடில பாருங்க, நீங்களே ஒத்துக்குவீங்க. மடிப்பு கலையாம அயர்ன் பண்ணின ஆபீஸ் பேன்ட்டுக்கு இது சேராது. தரையப் பெருக்குற ஜீன்ஸுக்கும் சேராது, ஜீன்ஸோட கீழ் ஓரம் குதிகாலுக்கும் செருப்புக்கும் நடுவுல மாட்டி நனைஞ்சு கிழிஞ்சு தொங்கும், பாக்கவே பரிதாபமா இருக்கும்.

இன்னொண்ணு, பலபேர் மறந்துர்றது, கால். ஷூ போட்டா கால் எப்படி இருந்தாலும் மறைஞ்சுரும், இதுல மறையாது. நகத்த நேரா வெட்டி வெச்சு, குளிக்கறப்ப குதிகாலக் கல்லுல தேச்சு, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி தேங்காண்ணையோ வாஸ்லினோ தடவுனீங்கன்னா பித்தவெடிப்பு குறைஞ்சுரும். இதுக்கு பார்லர் போகணும்னு இல்ல, வீட்லயே பண்ணலாம். நம்ம ஆம்பளைங்க முகத்துக்குச் செய்யறதுல கால்வாசி காலுக்குச் செஞ்சா போதும்.

இது ஏழைங்க போடுறது, இதுல என்ன ஸ்டைல்னு கேக்குறவங்களுக்கு பிரேசில் கதையச் சொல்லணும். அங்க அல்பர்காடாஸ்ங்கற கம்பெனி 1962ல ஹவாயானாஸ்னு ரப்பர் செருப்ப எறக்குச்சு. ஜப்பான்காரங்க போடுற ஜோரிங்கற வைக்கோல் செருப்பப் பாத்து செஞ்சது அது, அதனாலதான் இன்னைக்கும் அதோட மேல்பக்கம் அரிசி அரிசியா சின்னச் சின்ன மேடு இருக்கும். ரொம்ப வருஷம் கூலி வேலைக்குப் போறவங்க காலணியாத்தான் இருந்துச்சு. வெள்ளை மேல்பக்கம், கலர் வார். அப்ப அந்த ஊர்ப் பசங்களே அடிப்பாகத்தத் திருப்பி கலர்ப் பக்கம் மேல வர்ற மாதிரி வாரக் கோத்து போட ஆரம்பிச்சாங்க. அதப் பாத்துட்டு கம்பெனிக்காரங்க 1994ல முழுசும் ஒரே கலர்ல ஒரு செருப்பு விட்டாங்க, அதுக்கப்புறம் அது உலகம் பூரா பரவிருச்சு. இப்ப எங்க வந்து நிக்குதுன்னா, அமெரிக்காவுல த ரோங்கற பிராண்ட் சாதாரணமா தெரியற ஒரு ரெண்டு வார் செருப்ப 690 டாலர்னு வித்துச்சு, நம்ம காசுக்கு 50,000 ரூபாய்க்கு மேல. நடிகர் ஜொனாதன் பெய்லி 2025ல ஒரு பட விளம்பர நிகழ்ச்சிக்கு அந்தச் செருப்போட வந்து நின்னப்ப, ஆம்பளைங்க பொது எடத்துக்கு இப்படி வரலாமா கூடாதான்னு வெள்ளைக்காரங்களுக்குள்ளயே பெரிய வாக்குவாதம் நடந்துச்சு. அந்த வெலைய நான் ஆதரிக்கல, அது அநியாயம். ஆனா செருப்போட வடிவத்துல குறை ஒண்ணும் இல்லன்னு இதுல தெரியுதில்ல. அளவா, சுத்தமா இருந்தா அது அழகுதான்.

இதெல்லாத்தையும் விட எனக்குப் பெருசு, நம்ம வெயில். கத்திரி வெயில்ல 40 டிகிரி, கூடவே கடல் காத்தோட புழுக்கம். அதுல சாக்ஸ் போட்டு மூடின ஷூக்குள்ள காலப் பூட்டி வெச்சு, சாயங்காலம் கழட்டுறப்ப விரல் நடுவுல வெளுத்து ஊறிப்போய் கெடக்குறதுக்கு பேரு நாகரிகம்னா அது நம்ம ஊருக்கு ஏத்த நாகரிகம் இல்ல. காத்து பட நடக்குற காலுதான் இந்த ஊர்ல ஆரோக்கியமான காலு.

வேட்டிக்கு ரப்பர் செருப்பு போடலாமா? – வாசகர், காரைக்குடி

வீட்டு வாசல், காய்கறிக் கடை, சாயங்கால நடைக்குப் போடலாம். முகூர்த்தத்துக்கு வேண்டாம். பட்டு வேட்டிக்கோ நல்ல கரை வேட்டிக்கோ தோல் செருப்புதான் கம்பீரம். வெளிய போடுற காட்டன் வேட்டிக்கு ரப்பர் செருப்பு போடணும்னா பழுப்போ கறுப்போ எடுங்க, நீல வார் வெள்ளைச் செருப்பு வேட்டிக்குக் கீழ தனியாத் தெரியும். கைலிக்கு எந்தக் கலரும் ஓகே.

தோல் செருப்புன்னதும் ஒண்ணு சொல்லிக்கிறேன். கோலாப்பூர் செருப்புக்கு 2019ல புவிசார் குறியீடு கெடச்சுது, மகாராஷ்டிராவுல நாலு மாவட்டம், கர்நாடகாவுல நாலு மாவட்டம் சேத்து. 2025 ஜூன்ல மிலன்ல நடந்த, பிராடாங்கற இத்தாலி பிராண்டோட ஆண்கள் உடைக் காட்சில அப்படியே அதே வடிவத்துல செருப்பு வந்துச்சு, எங்கருந்து எடுத்தோம்னு மொதல்ல ஒரு வார்த்தை சொல்லல, இங்க எதிர்ப்பு கெளம்புனதுக்கு அப்புறந்தான் இந்தியக் கைவினைலருந்து வந்ததுன்னு ஒத்துக்கிட்டாங்க. செஞ்சவங்க பேரு மறைஞ்சு போகுறது எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு. வேட்டிக்குத் தோல் செருப்பு வாங்குறீங்கன்னா முடிஞ்ச வரைக்கும் கையால செய்யறவங்ககிட்டயே நேரா வாங்குங்க.

தள்ளுவண்டில 80 ரூபாய்க்கும் ஒரு ரப்பர் செருப்பு கெடைக்குது, ஷோரூம்ல 800க்கும் கெடைக்குது. பாக்க ஒண்ணுபோலத்தான் இருக்கு. என்ன வித்தியாசம்? – கல்லூரி மாணவர், திருச்சி

நல்ல கேள்வி தம்பி. வெலை வித்தியாசத்துல ஒரு பங்கு பேருக்குப் போகுது, அத விட்ருவோம். மீதி அது எதுல செஞ்சதுங்கறதுல இருக்கு.

நம்ம ரப்பர் செருப்புன்னு சொல்றது எல்லாமே ரப்பர் கெடையாது. நெசமான ரப்பர் செருப்பு கொஞ்சம் கனமா இருக்கும், கைல அமுக்குனா அமுங்கி உடனே பழைய நெலைக்குத் திரும்பும், தரையப் பிடிச்சு நிக்கும், ரொம்ப நாள் உழைக்கும். இந்த வகைல பெரிய கம்பெனிங்க சிலது கேரளாவுல பொறந்ததுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல, பாராகான் 1975ல கோட்டயத்துல ஆரம்பிச்சது, சுத்தி எல்லாம் ரப்பர் தோட்டம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துலயும் ரப்பர் தோட்டம் இருக்கு. ரெண்டாவது வகை ஈ.வி.ஏ., அது ஒரு நுரை பிளாஸ்டிக். காத்துல பறக்குற அளவுக்கு லேசு, தண்ணி குடிக்காது, போட்ட முதல் நாள் மெத்துன்னு இருக்கும். ஆனா மட்டமான ஈ.வி.ஏ. கொஞ்ச நாள்லயே நம்ம எடைக்கு அமுங்கிரும், அப்படியே அமுங்குனது அமுங்குனதுதான், குதிகால் எடத்துல குழி விழுந்துரும். வெயில்ல போட்டு வெச்சா சுருங்கவும் செய்யும். மூணாவது பி.யூ., அதாவது பாலியூரித்தேன்ங்கற இன்னொரு வகை பிளாஸ்டிக், கொஞ்சம் தடிமனா சொகுசா இருக்கும், வெலையும் கூட. ஆனா போடாம பெட்டில வருஷக்கணக்கா வெச்சா ஈரக்காத்து பட்டுப் பட்டு ஒருநாள் பொடிப்பொடியா உதுந்துரும், அதனால அத வாங்குனா தொடர்ந்து போட்டு நடங்க.

கடைல நின்னு எப்படிப் பாக்குறது? செருப்ப ரெண்டு முனையயும் பிடிச்சு மெதுவா வளைச்சுப் பாரு. விரல் மடங்குற எடத்துல, அதாவது முன்பக்கம் மூணுல ஒரு பங்குல வளையணும். நடுவுலயே ரெண்டா மடிஞ்சா அது பாதத்தத் தாங்காது, வெச்சுட்டு வந்துரு. அப்புறம் வார். விரல் இடுக்குல வர்ற அந்தக் கட்டையத்தான் மொதல்ல பாக்கணும். அது கூரா, பிளாஸ்டிக் மடிப்பு விளிம்போட இருந்தா மொத நாளே தோல உரிச்சுரும். மழமழன்னு உருண்டையா இருக்கணும், அதுக்கு மேல துணி சுத்துனது இன்னும் நல்லது. அடில அந்தக் கட்டையோட தலை, அதாவது பொத்தான், அடிப்பாகத்தோட சமமா உள்ள அமுங்கி உக்காந்திருக்கணும், வெளிய துருத்திக்கிட்டு இருந்தா தரைல தேஞ்சு சீக்கிரம் அறுந்துரும்.

சைஸ் ரொம்ப முக்கியம். ஷூ வாங்குறப்ப பாக்குறோம், செருப்புன்னா "கால் நுழைஞ்சா போதும்"னு வாங்கிர்றோம். குதிகாலுக்குப் பின்னாடியும் விரலுக்கு முன்னாடியும் கொஞ்சம் அடிப்பாகம் மிச்சம் தெரியணும், குதிகால் வெளிய தொங்கக் கூடாது. அதே சமயம் ரொம்பப் பெருசா வாங்குனா நடக்குறப்ப படக் படக்னு அடிச்சு சேத்தெல்லாம் முதுகு வரைக்கும் தெறிக்கும். சாயங்காலமாப் போய் வாங்கு, பகல்லாம் நின்னு நடந்து கால் லேசா வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரியான அளவு.

ஹவாய் செருப்புக்குன்னே இந்தியத் தரநிலை ஒண்ணு இருக்குன்னு நெறைய பேருக்குத் தெரியாது, ஐ.எஸ். 10702. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கான்னு அடில பாத்துட்டு வாங்கு. 80 ரூபாய் செருப்பு மோசம்னு நான் சொல்லல, ஹாஸ்டல் பாத்ரூமுக்கு அது போதும். ஆனா தெனமும் நடக்குறதுக்கு 200லருந்து 400க்குள்ள நல்ல ரப்பர் செருப்பு கெடைக்கும், உனக்கு அதுதான் சரி. 800 குடுக்கணும்னு அவசியமே இல்ல.

வார் அறுந்தா ஊக்கு குத்திப் போட்டுக்கலாமா? – வாசகி, தேனி (என் கணவருக்காகக் கேக்குறேன்)

வீடு வந்து சேர்ற வரைக்கும் போட்டுக்கலாம், அதுக்கு ஊக்குதான் கை குடுக்கும். அப்படியே மாசக்கணக்குல ஓட்டக் கூடாது, ஊக்கு திறந்து கால்ல குத்துனா வேற வேல ஆயிரும். செருப்பு தைக்கிறவர்கிட்டயும் சில கடைங்கள்லயும் வார் மட்டும் தனியா கெடைக்கும், அடிப்பாகம் நல்லா இருந்தா வார மாத்திக்கலாம், கொஞ்ச ரூபாய்தான். அடிப்பாகமே தேஞ்சு போயிருந்தா வார் மாத்தி பிரயோஜனம் இல்ல, புதுசு வாங்கச் சொல்லுங்க.

அப்பாவுக்கு 64 வயசு, பதினைஞ்சு வருஷமா சுகர். எப்பவும் விரல் இடுக்குல மாட்டுற ரப்பர் செருப்புதான். போன மாசம் செருப்பு கழண்டு விழுந்ததே தெரியாம தெருவுல கொஞ்ச தூரம் நடந்திருக்கார். விடலாமா? – மகள், திருநெல்வேலி

விடாதீங்கம்மா. செருப்பு கழண்டது தெரியலங்கறது சின்ன விஷயம் இல்ல, பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருக்கறதுக்கு அது ஒரு முக்கியமான அறிகுறி. இந்த வாரமே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போய் பாதத்த மட்டும் தனியா பரிசோதிக்கச் சொல்லுங்க, மெல்லிசான நைலான் இழைய பாதத்துல தொட்டுப் பாத்து உணர்ச்சி இருக்கான்னு சொல்லிருவாங்க, வலி எதுவும் இருக்காது.

இந்தப் பக்கம் பூரா ரப்பர் செருப்ப ஆதரிச்சுத்தான் எழுதுறேன், ஆனா உணர்ச்சி குறைஞ்ச காலுக்கு விரல் இடுக்குல மாட்டுற செருப்பு கூடவே கூடாது. அந்தக் கட்டை உரசி விரல் நடுவுல புண்ணாகும், அவருக்கு வலிக்காது, வலிக்காததால பாக்க மாட்டார், பாக்காததால அது உள்ளுக்குள்ள பெருசாகும். முள்ளோ ஆணியோ அடிப்பாகத்தத் துளைச்சுக்கிட்டு ஏறுனாலும் தெரியாது. சுகர் இருக்கறவங்க பலபேருக்கு கால எடுக்க வேண்டிய நெலைமை ஒரு சின்னப் புண்ணுலருந்துதான் வருது.

அவருக்கு எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக் குடுங்க. மைக்ரோ செல்லுலார் ரப்பர்னு சொல்றது, மெத்துன்னு இருக்கும், பாதத்தோட எல்லா எடத்துலயும் எடைய சமமாப் பரப்பும். தொழுநோயால உணர்ச்சி போன பாதத்துக்கு ரொம்ப காலமா குடுத்துக்கிட்டு வர்றதும் இதுதான். வாங்குறப்ப மூணு விஷயம் பாருங்க, விரல் இடுக்குல கட்டை இருக்கக் கூடாது, பாதத்துக்கு மேல அகலமான வார் வெல்க்ரோவோட இருக்கணும் (வீக்கம் வந்தா தளத்திக்கலாம்), குதிகாலுக்குப் பின்னாடி வார் இருக்கணும், அப்பத்தான் கழண்டு போகாது. அடிப்பாகம் வெளிப்பக்கம் கெட்டியா இருக்கணும். போடுறதுக்கு முன்னாடி செருப்ப உதறிட்டுப் போடச் சொல்லுங்க. தெனமும் ராத்திரி அவர் பாதத்த நீங்களோ அம்மாவோ வெளிச்சத்துல பாருங்க, அவரால குனிஞ்சு பாக்க முடியாதுன்னா கீழ ஒரு கண்ணாடி வெச்சுப் பாக்கலாம். கோயிலுக்குப் போறவர்னா வெயில் ஏறுன அப்புறம் பிரகாரத்துக் கல்லுல வெறுங்காலோட நடக்க விடாதீங்க, சூடு தெரியாம கொப்புளம் வந்துரும், விடியக்காலைல போய்ட்டு வரட்டும்.

வீட்டுக்குள்ளயும் அவருக்குச் செருப்பு வேணும். வீட்டுக்குள்ள செருப்பான்னு பெரியவங்க தயங்குவாங்க, வீட்டுக்குன்னு தனி ஜோடின்னு சொல்லிப் புரிய வைங்க.

செக்யூரிட்டி வேலை, பன்னெண்டு மணி நேரம் ஷூ. சேத்துப்புண்ணு வந்து வந்து போகுது. – வாசகர், அம்பத்தூர்

அண்ணே, வேலைல ஷூ கட்டாயம், அத மாத்த முடியாது. ஷிப்டு முடிஞ்ச நிமிஷம் ஷூவக் கழட்டி, கால சோப்புப் போட்டுக் கழுவி, விரல் நடுவுல துண்டால ஈரம் இல்லாம ஒத்தி எடுத்துட்டு ரப்பர் செருப்புக்கு மாறிருங்க, பையிலயே ஒரு ஜோடி வெச்சுக்கோங்க. சேத்துப்புண்ணு ஒரு பூஞ்சைத் தொத்து, அதுக்கு ஈரமும் புழுக்கமும்தான் சாப்பாடு. மருந்து தடவுனா அரிப்பு நின்னதும் நிறுத்திர்றோம், அதனாலதான் திரும்பத் திரும்ப வருது, டாக்டர் சொன்ன நாள் முழுசும் தடவணும். ரெண்டு ஜோடி சாக்ஸ் கொண்டு போய் நடுவுல ஒருதடவை மாத்துங்க. முடிஞ்சா ஷூவும் ரெண்டு வெச்சு மாத்தி மாத்திப் போடுங்க, ஒண்ணு காயட்டும். பொதுக் குளியலறைல வெறுங்காலோட நிக்காதீங்க, ஒருத்தர் கால்லருந்து இன்னொருத்தருக்கு அங்கதான் ஒட்டுது.

வெள்ளத் தண்ணில எறங்க வேண்டி வந்தா மட்டும் செருப்ப நம்பாதீங்க. கால்ல வெட்டோ புண்ணோ இருந்தா அது வழியா எலிக்காய்ச்சல் கிருமி ஏறும், அதுக்கு முழங்கால் வரைக்கும் வர்ற ரப்பர் பூட்ஸ்தான் பாதுகாப்பு.

இஞ்ச நாங்கள் ரப்பர் செருப்பைப் பாட்டா எண்டுதான் சொல்லுறது. சாரத்தோட (கைலி) பாட்டா போட்டுக்கொண்டு கடைக்குப் போறதுதான் எனக்கு வசதி, ஆனா மழை நாளில வழுக்குது. என்ன செய்யலாம்? – வாசகர், யாழ்ப்பாணம்

ஐயா, மொதல்ல அடிப்பாகத்தத் திருப்பிப் பாருங்க. வரிவரியா வெட்டு இருந்த எடம் வழவழன்னு ஆயிருந்தா அதுக்கு வைத்தியம் இல்ல, மாத்திரணும். வரி நல்லா இருந்தும் வழுக்குதுன்னா அந்த வரிக்குள்ள மண்ணும் பாசியும் அடைச்சிருக்கும், பழைய பிரஷ்ஷால சோப்புப் போட்டுத் தேய்ங்க. மேல்பக்கம் கால் வழுக்குறது வேற, அதுக்கு மேடு மேடா சொரசொரப்பு இருக்கற செருப்பா வாங்குங்க. லேசான நுரைச் செருப்ப விட கனமான ரப்பர் ஈரத் தரையில நல்லாப் பிடிக்கும்.

நடையும் கொஞ்சம் மாறணும். அமெரிக்காவுல ஆபர்ன் பல்கலைக்கழகத்துல 2008ல பாத்திருக்காங்க, இந்தச் செருப்பு போடுறவங்க ஷூ போடுறவங்கள விட எட்டு சின்னதா வெக்கிறாங்க, செருப்பு கழண்டுராம இருக்க விரலால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே நடக்குறாங்க. நாள் பூரா அப்படி நடந்தா கெண்டைக்காலும் பாதமும் வலிக்கத்தான் செய்யும். அதனால கடைக்கு, கோயிலுக்கு, பீச்சுக்கு இது சரி, மைல் கணக்கா நடக்குறதுக்கு இல்ல.

பைக் ஓட்டுறப்ப ரப்பர் செருப்பு போட்டா போலீஸ் அபராதம் போடுவாங்களா? – வாசகர், சேலம்

2019 செப்டம்பர்ல புது அபராதத் தொகை வந்தப்ப இப்படி ஒரு பேச்சு ஊர் பூரா பரவுச்சு, அப்ப மத்திய அமைச்சர் நிதின் கட்கரியோட அலுவலகமே செருப்புக்கெல்லாம் அபராதம் கெடையாதுன்னு சொல்லிருச்சு. அபராதம் இல்லங்கறதுக்காகப் போடாதீங்க. கியர் மாத்துறப்ப வார் மாட்டும், சைலன்சர் சுடும், வண்டி சாஞ்சா மொதல்ல தரைல உரசுறது பாதந்தான். கார்லயும் செருப்பு கழண்டு பிரேக் பெடலுக்கு அடில போய் மாட்டுனா யோசிக்கவே நேரம் இருக்காது. வண்டி ஓட்டுறதுக்கு ஷூ, போய் எறங்குன எடத்துல செருப்பு, அதான் சரி.

ரப்பர் செருப்பு போட்டா கரண்ட் அடிக்காதாமே? – வாசகர், ஓசூர்

நம்பாதீங்க. ஈரமான, தேஞ்ச செருப்பு எந்தக் காப்பும் இல்ல. மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு வேலையப் பாருங்க, இல்ல எலக்ட்ரீஷியனக் கூப்பிடுங்க.

என் தாத்தா, ஊருக்குள்ள ஆதிக்க சாதித் தெரு வந்தா செருப்பக் கழட்டிக் கைல எடுத்துட்டு நடந்தவர். அப்பா படிச்சு வேலைக்கு வந்தவர், அவர் எப்பவும் பாலிஷ் போட்ட ஷூதான். நான் இப்ப ஒரு டிசைன் கம்பெனில இருக்கேன், அங்க எல்லாரும் ரப்பர் செருப்பு, ஷார்ட்ஸ். நானும் அப்படிப் போனா அப்பா "நம்ம போட்டா அது ஸ்டைல் ஆகாதுடா"ன்னு சொல்றார். யார் சொல்றது சரி? – வாசகர், மதுரை மாவட்டம்

உங்க கடிதத்த ரொம்ப நேரம் கைல வெச்சிருந்தேன். உங்க அப்பா சொல்ற அந்த ஒரு வரில இருக்கற உண்மையத் தாண்டிட்டு செருப்பு ஸ்டைல் பத்தி யாரும் பேச முடியாது.

கால்ல செருப்பு போடுறதையே உரிமையாப் போராடி வாங்க வேண்டியிருந்த ஊரு இது. தோலத் தொட்டு செருப்பு தச்சுக் குடுத்தவங்களையே, அத நீ போட்டுக்கிட்டு எங்க தெருவுல நடக்காதேன்னு சொன்ன ஊரு. வெள்ளைக்காரனும் இதையேதான் வேற விதத்துல செஞ்சான், டல்ஹௌசி கவர்னர் ஜெனரலா இருந்த காலத்துல அரசு அலுவலகத்துக்குள்ள போற இந்தியர்கள் செருப்பக் கழட்டணும், ஐரோப்பிய உடை போட்டவங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. 1862ல சூரத் நீதிமன்றத்துல வேலை பாத்த மானக்ஜி கவாஸ்ஜி என்டிங்கறவர் காலணியக் கழட்ட மாட்டேன்னு மறுத்து நின்னார். ஆக ஷூ போட்டவன் மரியாதைக்கு உரியவன், நாட்டுச் செருப்பு போட்டவன் வெளிய நிக்கணும்ங்கற எண்ணம் சும்மா வந்தது இல்ல, ஆட்சியும் சாதியும் சேந்து நம்ம மண்டைக்குள்ள ஏத்துனது. அதுக்கு உங்க அப்பா குடுத்த பதில்தான் அந்த பாலிஷ் போட்ட ஷூ. அது அவருக்கு வெறும் காலணி இல்லங்க, இனிமே எவனும் என்னக் கழட்டச் சொல்ல முடியாதுங்கறது.

அவர் பயப்படுறதும் சும்மா இல்ல. ஒரே செருப்பு, ஒரே ஷார்ட்ஸ், வசதியான வீட்டுப் பையன் போட்டா "கேஷுவல்"னு சொல்ற அதே வாய், இன்னொருத்தன் போட்டா வாசல்லயே நிறுத்தி யாருன்னு கேக்கும். இது இன்னும் நடக்குது. அது செருப்போட குத்தம் இல்ல, பாக்குற கண்ணோட குத்தம், அந்தக் கண்ணு மாறணும்.

நீங்க போடலாமான்னா, போடலாம், உங்க தாத்தாவுக்கு மறுத்தத நீங்க உங்க விருப்பத்துக்குப் போடுறதுல எந்தத் தாழ்வும் இல்ல. நல்லதா, சுத்தமா, உங்களுக்குப் பிடிச்ச கலர்ல வாங்கிப் போட்டுக்கிட்டு எந்தத் தெருவுலயும் நடங்க. ஆனா அப்பாவ மாத்த முயற்சி பண்ணாதீங்க, அவர் ஷூவப் பழசுன்னு ஒருநாளும் சொல்லிராதீங்க. அவரோட சேந்து வெளிய போற அன்னைக்கு அவருக்காக ஷூ போட்டுக்கோங்க. நேரம் கெடச்சா தாத்தா கதைய அவர்கிட்டக் கேட்டு எழுதி வைங்க, உங்க பிள்ளைங்களுக்கு வேணும்.

ஆபீசுக்கு ரப்பர் செருப்போட போகலாமா? – வாசகர், கோயம்புத்தூர்

எந்த ஆபீசுங்கறதப் பொறுத்தது. மேல மதுரைக்காரருக்கு எழுதுனதப் படிங்க, ஷூவுக்கு வந்த மரியாதை எங்கருந்து வந்துச்சுன்னு தெரியும். அதுக்காக நாளைக்கே செருப்போட போய் நில்லுங்கன்னு சொல்ல மாட்டேன், வேலை உங்களோடது. கஸ்டமரப் பாக்குற வேலைன்னா தோல் செருப்போ சாண்டலோ போடுங்க, கால் மூச்சு விடும், பாக்கவும் மரியாதையா இருக்கும். மெஷின் ஓடுற எடம், கெமிக்கல் எடம், கட்டட வேலைன்னா விரல் மூடின பாதுகாப்பு ஷூ மட்டுந்தான், அதுல வேற பேச்சே இல்ல. ஆபீஸ்ல உக்காந்தே பாக்குற வேலைன்னா மேஜைக்கு அடில ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறப்ப மாத்திக்கோங்க.

பழைய செருப்ப என்ன செய்யறது? எரிக்கலாமா? – வாசகர், புதுச்சேரி

எரிக்காதீங்க, அந்தப் புகை வீட்ல இருக்கற குழந்தைங்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் கேடு. கடல்ல ஆத்துல போடாதீங்க, இந்த நுரைச் செருப்பு மெதக்கும், ஒரு நாட்டுக் கரைல போட்டது இன்னொரு நாட்டுக் கரைல போய் ஒதுங்கும். கென்யாக் கடற்கரைல அப்படிக் குவியற செருப்புங்களப் பொறுக்கி, கழுவி, ஒட்டி, யானை ஒட்டகச்சிவிங்கி பொம்மையெல்லாம் செதுக்கி விக்கிறாங்க, ஓஷன் சோல்னு பேரு, அவ்ளோ குவியுது அங்க. நம்ம வீட்ல செய்யக்கூடியது, வார மாத்தி ஆயுசக் கூட்டுறது, நல்லா இருக்கற ஜோடிய கழுவிக் காயவெச்சு தேவைப்படுறவங்களுக்குக் குடுக்கறது, முடிஞ்சே போச்சுன்னா உலர் குப்பைல போடுறது. அடிப்பாகத்த வட்டமா வெட்டி நாற்காலி மேஜைக் காலுக்கு அடில வெச்சா தரைல கீறல் விழாது, சத்தமும் வராது.

முதல் தடவையா வெளிய போறதுக்குன்னு நல்லதா ஒண்ணு வாங்கப் போறேன். என்ன கலர்? – வாசகர், தஞ்சாவூர்

கொஞ்சம் கறுத்த நெறம்னா அடர் பழுப்பு, ஆலிவ் பச்சை ரெண்டும் பிரமாதமா இருக்கும், நம்ம தோலோட கலந்து கால நீளமாக் காட்டும். எதுவும் யோசிக்க வேண்டாம்னா கறுப்பு. வெள்ளை வாங்குனா வாரம் ரெண்டு தடவை பிரஷ் போட்டுத் தேய்க்கத் தயாரா இருக்கணும். போற அன்னைக்கு நீங்க வழக்கமா போடுற பேன்ட்டப் போட்டுக்கிட்டே கடைக்குப் போங்க, ரெண்டு காலுக்கும் போட்டு கொஞ்ச நேரம் நடந்து பாத்து, விரல் இடுக்குல உரசலன்னா மட்டும் பில் போடச் சொல்லுங்க.